கொட்டகை வாசலில் தெர்மாமீட்டர்

1952, மே 14, புதன்கிழமை. நான்கு மணிக்கு எழுந்தேன். மலாயாவில், லிங்கிப் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொள்வது அப்போது என் வேலை. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். அடுப்பு மூட்டி, பால்மாவைக் கரைத்து, இருபத்து மூன்று தகரக் குவளைகளைக் கழுவிக் கவிழ்த்தேன். நாலே முக்காலுக்குக் கதவைத் திறந்தேன்.

கதவருகில் என் முக்காலி, நோட்டு, தெர்மாமீட்டர். முந்தைய ஆண்டு தட்டம்மை கண்டு கொட்டகையில் இரண்டு பிள்ளைகள் இறந்த பிறகு அரசாங்கத்திலிருந்து ஒரு விதி வந்தது. காய்ச்சலுள்ள பிள்ளையைச் சேர்க்கக் கூடாது. அது தாயோடு வீட்டிலிருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் எழுதியவர்கள் வேலியை நினைக்கவில்லை. முன்பெல்லாம் பிள்ளைக்கு உடம்பு சுட்டால், தாய் தனக்கு ஒதுக்கிய மர நிரையில் இரண்டு மரங்களுக்கு நடுவே ஏணை கட்டிப் போட்டுவிட்டுப் பால் வெட்டுவாள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த அவசரகாலத்தில், நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வந்தபின் பிள்ளைகள் கேட்டைத் தாண்டக் கூடாது. ஆகவே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாயும் தாண்ட முடியாது. மாதத்தில் மூன்று நாள் வேலைக்கு வராவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் லயத்து வீடும் போகும்.

"என்னாக்கா, டிரஸ்ஸர் மாதிரி குச்சியத் தூக்கித் தூக்கிப் பாக்குறீங்க? எம்மவனுக்குக் கூச்சம் அதிகம், சிரிச்சே குச்சிய ஒடச்சிருவான் லா" என்றாள் முதலில் நின்றவள். பின்னால் சிரித்தார்கள்.

எட்டாவதாக வந்தவள் சிரிக்கவில்லை. அவள் புருஷனைக் கம்யூனிஸ்டுகளுக்கு உதவிய சந்தேகத்தின் பேரில் போலீஸ் பிடித்துப் போய் ஐந்து மாதம். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. ஒன்றரை வயதுப் பெண்பிள்ளையை நீட்டினாள். கக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்தேன். 97.2. கக்கம் ஈரமாக, சில்லென்று இருந்தது. கன்னம் என் மணிக்கட்டில் பட்டபோது சுட்டது.

"ஈரத்துணி வச்சியா?"

"இல்லக்கா. குளிப்பாட்டுனேன்."

"நாலு மணிக்கா?"

ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகியிருந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, பெரட்டுல மண்டோர் பேர் கூப்புட்டுருவான். இன்னைக்கும் நின்னுட்டேன்னா இவளத் தூக்கிக்கிட்டு நான் எங்கக்கா போவேன்?"

துடைத்துவிட்டு மறுபடி வைத்திருக்கலாம். மூன்று நிமிடம்தான் ஆகும். நான் 97.2 என்று எழுதினேன். குச்சி காட்டியது அதுதான். பொய் எழுதவில்லை என்று சொல்லிக்கொள்ள முடியும் என்பதற்காகவே அப்படி எழுதினேன்.

ஏழு மணிக்குப் பிள்ளை பால் குடிக்கவில்லை. எட்டரைக்குக் காதோரம் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஒன்பதே காலுக்கு வலிப்பு. எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் லாரிக்குச் சொன்னார். கேட்டில் போலீஸ் அனுமதித் தாளைப் பார்த்து லாரியை விடுவதற்குப் பதினொன்று ஆகிவிட்டது. அதற்குள் தாயை ரப்பர் காட்டிலிருந்து கூட்டிவந்திருந்தார்கள். ரப்பர் பால் காய்ந்த கையோடு பிள்ளையை வாங்கிக்கொண்டு ஏறினாள். என்னைப் பார்க்கவில்லை. சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ராசா என்ற ஊரின் கடைகளுக்கு அருகே மூச்சு நின்றுவிட்டதாக டிரைவர் மாலையில் வந்து சொன்னார்.

டிரஸ்ஸர் நோட்டைப் புரட்டினார். "தொண்ணூத்தேழுதானே இருந்திருக்கு. உங்க மேல ஒண்ணும் இல்லக்கா."

வருகைப் புத்தகம் எழுதும் கிராணியிடம் போனேன். "நாளைக்கு அவ பிள்ள அடக்கத்துக்கு நிப்பா. அதச் சாவுன்னு தனியா எழுத முடியாதா?"

"வந்தா வந்தா, வரலன்னா வரல. சாவுக்குன்னு புக்குல கட்டம் இல்லக்கா. இது அவளுக்கு மூணாவது நாள்."

மறுநாள் கதவைத் திறந்ததும் முதல் வேலையாக, வரிசையில் முன்னால் நின்றவளின் பிள்ளையை வாங்கி, உலர்ந்த துண்டால் கக்கத்தை அழுத்தித் துடைத்து, தெர்மாமீட்டரை வைத்து மூன்று நிமிடம் எண்ணினேன். நூற்றொன்று. பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். பிள்ளையை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.