விழுந்த பிறகு என்ன செய்வது

1. கம்பிகளுக்கு நடுவில்

"கடல் வருது!" என்று தெருவில் யாரோ கத்தினார்கள். சுனாமி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கிழக்கிலங்கைக் கரையோரம், சாய்ந்தமருதில் எங்கள் பிசியோதெரபி அறையில் அன்று ஆறு நோயாளிகள். எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. ஐந்து பேர் ஓடிவிட்டார்கள். ஆறாவது ஆள், எங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரியான நாசர் காக்கா, நடை பழகும் பாரலல் பார் கம்பிகள் இரண்டையும் பிடித்தபடி நின்றார்.

அவருக்குப் பரம்பரை நரம்பு வியாதி. அவருடைய வாப்பாவுக்கும் இருந்தது. பாதம் தரையில் படுவது சரியாகத் தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் நிற்பார். தொழுகைக்கு முன் வுழூச் செய்து முகம் கழுவும்போது கண்ணை மூடினால் சாய்ந்துவிடுவார். சுனாமியன்று விழுந்து கிடந்தவரைத் தம்பிதான் தோளில் தூக்கி ஓடினார். அந்தத் தம்பி இப்போது கட்டார் நாட்டில் வேலையில்.

"சேர், நீங்க ஓடுங்க. என்னத் தூக்க உங்களால ஏலாது."

"சும்மா இருங்க காக்கா."

நான் தைரியத்தில் நிற்கவில்லை. அவர் விழாமலிருக்க இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடித்திருந்த என் விரல்கள் விறைத்து, விடவே வரவில்லை.

கடல் வரவில்லை. ஓடியவர்கள் செருப்புத் தேடித் திரும்பி வந்தார்கள். காக்கா கேட்டார்: "நிக்கப் படிப்பிக்கிறீங்க சேர். தனிய உழுந்து கிடந்தா என்ன செய்யிற?"

2. பாய்

மறுநாள் பாயை விரித்தேன். விழுந்தவர் புரண்டு, முழங்காலும் கையும் ஊன்றி, உட்காரும் கதிரையைப் பிடித்து எழும்ப வேண்டும்.

"தொழுகையில நெத்திய நிலத்துல வச்சு, சுஜூதுல இருந்து எழும்புற மாதிரித்தான் காக்கா. கதிரை மட்டும் கூட."

"கதிரையில இருந்து தொழுது எனக்கு சுஜூதே மறந்து போச்சு சேர்."

மாதக்கணக்கில் பழகினோம். ஒவ்வொரு தடவையும் இடுப்பெலும்பு முறிந்துவிடுமோ என்று எனக்குத்தான் பயம். பெல்ட்டை நான் விட்டதே இல்லை.

3. வெடிச்சத்தம்

2009இல் யுத்தம் முடிந்த அன்று வாசலில் படபடவென்று வெடித்தது. எல்லோரும் தரையில். நான் மேசைக்குக் கீழே. கம்பிக்கு வெளியே நின்ற காக்கா விழுந்தார். அவரிடம் போக என் கால் வரவில்லை.

அவர் புரண்டார். முழங்காலை ஊன்றினார். கதிரை வழுக்கியது. சுவரோடு தள்ளி வைத்துத் திரும்பப் பிடித்தார். எழும்பிவிட்டார்.

"வெளிய வாங்க சேர். பட்டாசு!"

இந்த வியாதி வருடா வருடம் மோசமாகும். எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் ஒரு நாள் விழுவார்கள். ஆகவே புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்வேன்: நிற்கப் பழக்கும்போதே எழும்பவும் பழக்குங்கள்.

பட்டாசு வெடித்த அடுத்த வாரம் காக்கா தன் மகளைக் கூட்டி வந்தார். "இவள் அடிக்கடி தடுக்கி உழுறாள் சேர்."

செருப்பைக் கழற்றச் சொன்னேன். அவள் பாதம் காக்காவுடையதைப் போலவே உயர்ந்து வளைந்திருந்தது. காக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பாயை விரித்தேன்.