சங்கத்துக்குப் போன அண்ணி

என் அண்ணிக்குக் கல்யாணம் நடத்திக் கொடுப்பது தொழில். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் வேலை இல்லை. அதெல்லாம் முடிவான பிறகுதான் இவள் உள்ளே வருவாள். மண்டபம், மேடை, பூ, விளக்கு, சாப்பாடு, போட்டோ, வெளியூர்க்காரர்களுக்கு வண்டி, கடைசி நேரத்தில் கோபித்துக்கொண்டு கிளம்பும் சித்தப்பாவைக் கையைப் பிடித்து உட்கார வைப்பது வரை எல்லாம் அவள் தலையில்தான் விழும். கல்யாணத்தன்று அவள் பம்பரமாகச் சுற்றுவதைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும்.

நான் பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறவள். எங்களிடம் வருகிறவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவார்கள். ஆனால் மறுபடியும் வருவார்கள். அண்ணியிடம் வருகிறவர்கள் வாயெல்லாம் பல்லாக வருவார்கள். காரியம் முடிந்ததும் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கல்யாணம் நடத்தியவளை அதற்கப்புறம் எதற்குத் தேடுவார்கள்?

மாதக்கணக்கில் "அக்கா, அக்கா" என்று போன் வந்துகொண்டே இருக்கும். பெண்ணின் அம்மா சொந்தப் புருஷனிடம் சொல்லாததை எல்லாம் அண்ணியிடம் சொல்லுவாள். ஒலிபெருக்கிகளுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அண்ணிக்குக் காது கொஞ்சம் மந்தம். போனில் சத்தத்தை முழுதாக வைத்துத்தான் பேசுவாள். அதனால் அந்த அம்மாக்களின் ரகசியம் எல்லாம் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு அத்துபடி.

கல்யாணத்துக்கு மறுநாள் அந்தப் போன் வாயைத் திறக்காது. அண்ணி சமையலறை மேசையில் அதை வைத்துவிட்டு, டீயை ஆறவிட்டு, எதிரே உட்கார்ந்திருப்பாள். "அதான் வேலை முடிஞ்சுதே, போய் நிம்மதியா தூங்கேன்" என்பான் என் அண்ணன். நல்லவன்தான். ஆனால் சில விஷயங்கள் அவன் மண்டையில் ஏறாது.

ஒரு காலத்தில் மறுநாள் இப்படி இருந்ததில்லை. அப்போது நெட்டை இருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்தத் தொழிலை ஆரம்பித்தார்கள். நெட்டை பேருக்கேற்ற உயரம். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் வருவாள். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் வந்து, செருப்பை ஒரு மூலையில் உதறிவிட்டு, நேராகச் சமையலறையில் உட்காருவாள். முந்தின நாள் கல்யாணத்தை இரண்டு பேரும் முதலிலிருந்து இன்னொரு தடவை நடத்துவார்கள். மைக்கைப் பிடித்த மாமா மேடையை விட்டு இறங்கவே மாட்டேன் என்றது, மாப்பிள்ளையின் புது ஷூ கடித்து அவர் போட்டோ முழுக்க அழுமூஞ்சியாக நின்றது, எல்லாம் வரும். கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். என் அண்ணன் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவான்.

அந்த நட்பைக் கெடுத்தது ஒரு வாக்கி-டாக்கி. பெரிய மண்டபங்களில் ஆளுக்கொன்றை இடுப்பில் செருகி, அதன் இயர்போனைக் காதில் மாட்டிக்கொள்வார்கள். பொத்தானை அழுத்தினால் பேசுவது மற்ற எல்லாருக்கும் கேட்கும். ஒரு கல்யாணத்தில் விருந்தினர் வந்துகொண்டிருக்கும்போது மேடைப் பூவில் ஏதோ குழப்பம். பூக்காரர் நெட்டையிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அண்ணி சிடுசிடுவென்று, "அவகிட்ட எதுக்குக் கேக்குறீங்க? அவளுக்கு என்ன தெரியும்? நான் இல்லேன்னா அவ ஒண்ணுமே இல்ல" என்றிருக்கிறாள். சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தாள், கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. சமையல்காரர் கேட்டார், போட்டோக்காரர் கேட்டார், வாசலில் நின்ற நெட்டையும் கேட்டாள்.

நெட்டை அந்தக் கல்யாணத்தை ஒரு குறையில்லாமல் முடித்துக் கொடுத்தாள். வாக்கி-டாக்கியைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. அண்ணி அவள் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள், எனக்குத் தெரியும். பிறகு நெட்டை வீடு மாறினாள், நம்பரை மாற்றினாள். வருஷங்கள் ஓடிவிட்டன. அண்ணி வாய் தவறிக்கூட அவளைப் பற்றிப் பேச மாட்டாள். ஆனால் எந்தக் கல்யாணத்திலாவது வேடிக்கையாக ஏதாவது நடந்துவிட்டால், வீட்டுக்கு வந்ததும் அவள் முகம் வாடிவிடும். எங்களிடம் சொல்லுவாள், நாங்களும் சிரிப்போம்தான். அங்கே இருந்தவள் சிரிக்கிற மாதிரி நாங்கள் எப்படிச் சிரிக்க முடியும்?

இப்படி இருக்கும்போது பூக்காரர் ஒரு நாள் அண்ணியின் போனுக்கு ஒரு செய்தியை அனுப்பினார். திருமண ஏற்பாட்டாளர்கள் சங்கம், புது உறுப்பினர்களைச் சேர்க்கிறார்கள், கூட்டத்துக்கு யாரும் வரலாம், சேர வேண்டுமென்றால் உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும். கூடவே சங்கத்தாரின் போட்டோ ஒன்று. பின்வரிசையில் எல்லார் தலைக்கும் மேலே ஒரு தலை. நெட்டை.

"சங்கத்துல சேர்ந்தா கிரீடமா வைக்கப் போறாங்க? இத்தனை வருஷம் நீ தனியா பண்ணலையா?" என்றான் அண்ணன்.

"அதானே. நான் எவகிட்டயும் போய் என்னைச் சேர்த்துக்கோன்னு கேக்கப் போறதில்ல" என்றாள் அண்ணி. சொல்லிக்கொண்டே இரண்டு விரலால் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க இதே பாட்டு. சங்கம் என்றால் வெட்டிப் பேச்சு என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, தொழில் தெரிந்தவர்கள் நாலு பேர் பழக்கம் இருந்தால் நல்லதுதானே என்பாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, நீங்க சங்கத்துல சேர்றதப் பத்தியா யோசிக்கிறீங்க?" என்று கேட்டேன். சேர்ந்தால் நெட்டையின் முகத்தைப் பார்க்க வேண்டும், சேராவிட்டால் பார்க்கவே முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

கூட்டத்தன்று மத்தியானம் ஒரே சேலையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

ஒரு ஓட்டலின் மாடி ஹாலில் கூட்டம். அந்தக் கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வந்தவர்களில் ஒருவராவது வந்ததும் உட்காரவில்லை. ஒருவர் நாற்காலி வரிசையை நேராக்குகிறார், இன்னொருவர் மைக்கைத் தட்டுகிறார், ஒரு அம்மா மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவுகிறாள். அண்ணியின் கையும் தானாகவே ஒரு பூச்சாடியைத் திருப்பி வைத்தது. கண் மட்டும் தலைகளுக்கு மேலே தேடிக்கொண்டிருந்தது.

தலைவி, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு பெரியம்மா, எங்களிடம் வந்தாள். அண்ணி ஏதோ போகிற போக்கில் கேட்பது போல, "போட்டோவுல பின்னாடி உயரமா ஒருத்தங்க இருந்தாங்களே" என்றாள்.

"நெட்டையா? அவங்க விலகிட்டாங்கம்மா. மகன் வெளிநாட்டுல இருக்கான், அங்கேயே போய்ட்டாங்க. இந்த வேலையே விட்டாச்சு. போட்டோ பழசு. அதுல நாங்கல்லாம் கொஞ்சம் இளைச்சுத் தெரியறோம், அதான் மாத்தல."

அண்ணியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கூட்டத்தில் கைவிட்டுப் போன குழந்தை மாதிரி நின்றாள். "கிளம்பலாம் அண்ணி" என்றேன். "வந்துட்டு உடனே கிளம்பிப் போனா நல்லா இருக்காது" என்று ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அவளுக்கு வலப்பக்கம். இடப்பக்க நாற்காலி காலி.

யாரோ வரி பற்றிப் பேசினார்கள், யாரோ மின்வெட்டு பற்றிப் பேசினார்கள். பிறகு ஒல்லியான ஒரு வழுக்கைத்தலையர் எழுந்தார். "புதுசா வந்தவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். கல்யாணத்துக்கு மறுநாள் என் பொண்டாட்டி போன்ல இருந்து என் போனுக்கு நானே கூப்பிட்டுப் பார்ப்பேன். வேலை செய்யுதா, இல்ல செத்துப் போச்சான்னு."

ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் அசடு வழியச் சிரித்தேன். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள்; அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சிரித்துக்கொண்டே சட்டென்று இடப்பக்கம் திரும்பி, அந்தக் காலி நாற்காலியின் கைப்பிடியில் தட்டினாள். தட்டிய கை அங்கேயே நின்றுவிட்டது.

கூட்டம் முடிந்ததும் நான் பையைத் தூக்கினேன். அண்ணி நேராக வழுக்கைத்தலையரிடம் போய், "என்னை நீங்க முன்மொழிய முடியுமா?" என்று கேட்டாள். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. தேடி வந்த ஆளே அங்கே இல்லை, அப்புறம் எதற்குச் சங்கம்? பிறகு கேட்டதற்கு, "எனக்கு மட்டும்தான் அப்படின்னு நினைச்சிட்டிருந்தேன். எல்லாருக்குமே அப்படித்தானாம்" என்றாள். நியாயம்தான்.

ஆனால் வாசலுக்கு வந்தவள் திரும்பப் படியேறிப் போய், தலைவியிடம் நெட்டையின் வெளிநாட்டு நம்பரை வாங்கிக்கொண்டு வந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். "என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?" என்றாள். "அன்னைக்குப் பேசுனதுக்கு மன்னிச்சுக்கோன்னு சொல்லுங்க" என்றேன். "அத எத்தனையோ தடவ மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தாச்சு. நல்லாவே வரல." அப்புறம் என்னைப் பார்க்காமலேயே அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

எடுத்தாள். அண்ணி, "நான்தான்" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து நெட்டையின் குரல், சத்தமாக, பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "சொல்லு. யாருக்குக் கல்யாணம்?"

"யாருக்கும் இல்லடி" என்றாள் அண்ணி. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. "கல்யாணமெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

எங்கள் பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை, கண்டக்டரிடம் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். போனில் ஒன்றுமே கேட்கவில்லை. வைத்துவிட்டாளோ என்று அண்ணி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"இரு" என்றது நெட்டையின் குரல். "அடுப்ப அணைச்சிட்டு வந்து உக்காந்துக்கறேன்."