வசதிப்பட்டால் முதல் ஓட்டு

கழுவிய பீக்கரை ஜன்னல் பக்கம் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் அக்கா. உள்சுவரில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது. மெல்லிய படலமாக வழிந்து இறங்கினால்தான் சுத்தம். முத்துகள் நிற்கின்றன. பீக்கர் மறுபடி தொட்டிக்குள் போகிறது. "கண்ணாடி பொய் சொல்லாது தம்பி. நாமதான் சொல்லுவோம்" என்கிறார். சொல்லிக்கொண்டே, நுரை ஒட்டிய வலது கையில் இரண்டு விரல்களை நீட்டுகிறார். "ஞாபகம் இருக்கில்ல? ரெண்டாவது எனக்கு."

போன தேர்தலின்போது தினமும் நான் பார்த்த காட்சி இது. தேர்தல் என்றதும் மாலை, மேடை என்று கற்பனை செய்துவிட வேண்டாம். எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவில் இருபத்தொரு நாற்காலிகள். அதில் ஆசிரியரல்லாத ஊழியர்களுக்கென்று ஒன்றே ஒன்று, அதுவும் கதவோரம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஒற்றை நாற்காலிக்கு ஒன்பது பேர் அடித்துக்கொள்வார்கள். வாக்குச்சீட்டில் முத்திரை கிடையாது. பெயர்களுக்கு எதிரே ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும்.

அக்கா வேதியியல் துறையின் ஆய்வக உதவியாளர். வேலைக்கு வந்து இருபத்தொன்பது வருஷம். மாணவர்கள் வைத்த பெயர் பீக்கர் அக்கா. அது எப்படி ஒட்டிக்கொண்டது என்றால், துறைத் தலைவரே ஒரு சுற்றறிக்கையில் 'பீக்கர் அக்காவிடம் சாவியைப் பெற்றுக்கொள்ளவும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். வாக்குச்சீட்டில் அவருடைய சொந்தப் பெயரைக் கண்டுபிடிக்க நானே கொஞ்சம் திணறினேன். நான் நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குகிற மேசையில் உட்காருகிறவன். அவருடைய ஆய்வகத்துக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு நீள நடைவழிதான்.

ஆய்வகத்துப் பழக்கங்கள் அவரை வீடுவரை துரத்திக்கொண்டு போயிருக்கின்றன. சமையலறையில் உப்பு ஜாடி மேல்கூட 'திறந்த நாள்' என்று தேதி எழுதிய சீட்டு இருக்கும். பால் பாக்கெட்டைக்கூட ஒரு கையால் மேலே பிடித்து, மறு கையை அடியில் கொடுத்துத்தான் தூக்கிவருவார். எதையும் மூக்கருகே கொண்டுபோய் முகர மாட்டார். ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கையால் விசிறி, காற்றை மூக்குப் பக்கம் இழுப்பார். ஒருமுறை நான் கொடுத்த ரோஜாப்பூவையும் அப்படித்தான் விசிறிப் பார்த்தார். பூ என்ன அமிலமா என்று கேட்டேன். "எது எப்படின்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

இன்னொரு பழக்கம், வழிவிடுவது. எந்தக் கதவருகே வந்தாலும் ஓரமாக நின்று "போங்க, போங்க" என்பார். பேருந்து நிறுத்தத்திலும் இதே கதை. எல்லாரையும் ஏற்றிவிட்டு, கடைசியாக ஒரு பெரியவரின் பையையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, பேருந்து போன பிறகு தனியாக நின்றவரை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அவருடைய கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பொறுமைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சொல்வாங்க. இவ ரெண்டுக்கும் பிந்தறவ. இவளைப் போய் எலக்ஷன்ல நிக்கச் சொல்லிருக்காங்களே, யாரு சார் அந்தப் புண்ணியவான்?" என்று என்னிடம் கேட்டார்.

யாரும் சொல்லவில்லை. அக்காவை நிற்க வைத்தது ஓர் எக்ஸாஸ்ட் விசிறி.

ஆய்வகத்தின் பின்சுவரில், கூரையை ஒட்டி இருக்கிறது அது. புகையையும் வாயுவையும் வெளியே இழுத்துத் தள்ள வேண்டியது அதன் வேலை. அது நின்று எட்டு வருஷம் ஆகிறது. இறக்கைகளுக்கு நடுவே ஒரு புறாக் குடும்பம் பேரன் பேத்தி எடுத்துவிட்டது. புது விசிறி வேண்டும், சுவரை இடித்துப் பெரிய குழாய் வைக்க வேண்டும் என்று அக்கா ஒவ்வொரு ஜனவரியிலும் கடிதம் எழுதுவார். ஒவ்வொரு மார்ச்சிலும் பதில் வரும்: 'தங்கள் கோரிக்கை ஆட்சிக்குழுவின் பரிசீலனையில் உள்ளது.' போன தேர்தல் சமயத்திலேயே ஐந்து பதில்களை ஒரே அட்டையில் கோத்து வைத்திருந்தார். ஐந்திலும் ஒரே வாக்கியம், தேதி மட்டும் வேறு. "இந்தக் காகிதமெல்லாம் எங்க போகுதோ, அங்க நானே போயிடறேன் தம்பி. போய் உக்காந்துகிட்டா நேராவே கேட்டுடலாமில்ல?" என்றார். இவ்வளவு எளிமையான தேர்தல் அறிக்கையை நான் கேட்டதில்லை.

நிற்கத் துணிந்தவருக்கு ஓட்டுக் கேட்கத்தான் வாய் வரவில்லை. மற்ற எட்டுப் பேருக்கும் ஒவ்வொரு பிரிவிலும் மாமன், மச்சான், கூட்டாளி என்று ஆள் இருந்தது. அவர்களிடம் போய் முதல் ஓட்டைக் கேட்டால் மனஸ்தாபம் வரும். அதனால் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். "முதல் ஓட்டு உங்க ஆளுக்கே போடுங்க. அவங்க மனசு நோகக் கூடாது. ரெண்டாவது மட்டும் எனக்கு." இதைக் கேட்டு மறுத்தவர் யாருமில்லை. யாருக்கு என்ன நஷ்டம்? தோட்டப் பிரிவு, வாகனப் பிரிவு, விடுதிச் சமையலறை என்று எங்கே போனாலும் இரண்டு விரலை நீட்டினார். எல்லாரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். ஆட்டிய தலைகளில் பொய்த் தலை ஒன்றுகூட இல்லை. அதுதான் பரிதாபம்.

எண்ணிக்கை அன்று மாலை, தேர்தல் அதிகாரி அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நானும் கூட இருந்தேன். "அம்மா, யாருக்கும் பாதிக்கு மேல வரலைன்னா, முதல் ஓட்டு ரொம்பக் கம்மியா வாங்கினவரை வெளிய அனுப்பிட்டு, அவருக்கு முதல் போட்ட சீட்டுல ரெண்டாவதா யார் இருக்காங்கன்னு பார்ப்போம். அப்படித்தான் ஒவ்வொருத்தரா கழிச்சுகிட்டு வருவோம். உங்களுக்கு முதல் ஓட்டு ஏழுதான். அதனால முதல்ல வெளிய போனது நீங்கதான்." அவர் கொஞ்சம் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினார். "எங்க திருப்பினாலும் உங்க பேருக்கு நேரா ரெண்டு, ரெண்டு, ரெண்டு. நானே அசந்துட்டேன். ஆனா அதையெல்லாம் பார்க்கற நேரம் வந்தப்போ நீங்க போட்டியிலயே இல்லம்மா."

அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்த ஏழு பேர் யாருங்க சார்?" என்றார். ரகசிய வாக்கு, தெரியாது என்றார் அதிகாரி. "அப்ப அவங்களுக்கு எப்படி நன்றி சொல்றது?"

மறுநாள் முதல் ஒரு வாரம், அந்த ஏழு பேர் விட்டுப்போகக் கூடாது என்று, அறுநூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களுக்கும் நன்றி சொல்லி முடித்தார். என் மேசைக்கும் வந்தார். நான் அவருக்கு எழுதியது இரண்டுதான். என் மனைவியின் அண்ணன், தோட்டப் பிரிவு மேற்பார்வையாளர், ஒவ்வொரு முறையும் நிற்கிறவர். என் முதல் ஓட்டு வேறு பக்கம் போனது தெரிந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் அக்கா கைகூப்பியபோது, "இருக்கட்டும் அக்கா" என்று கூசாமல் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அக்காவே தனக்கு இரண்டுதான் எழுதியிருந்தார். "தனக்குத் தானே முதல் போட்டுக்கறது நல்லாவா இருக்கும்? உங்க மச்சானுக்குத்தான் போட்டேன். நல்ல மனுஷன்." அவரும் தோற்றார் என்பது வேறு விஷயம்.

இப்போது மறுபடி தேர்தல் வந்திருக்கிறது. அக்கா ஓய்வுபெற இன்னும் இரண்டே வருஷம். அடுத்த தேர்தலுக்குள் அவர் வீட்டுக்குப் போயிருப்பார். இதை விட்டால் விசிறிக்கு வேறு நாதி கிடையாது. இந்த முறை முதல் ஓட்டைக் கேட்டே ஆக வேண்டும் என்று கணவரும் நானும் படித்துப் படித்துச் சொன்னோம். "அழுத பிள்ளைதாம்மா பால் குடிக்கும். வாயைத் திறந்து கேளு" என்று வேனின் ஜன்னல் வழியாகக் கத்திவிட்டுப் போனார் அவர். அக்காவும் சரி என்று பணிமனைக்குப் போனார். அங்கே பதினான்கு ஓட்டு. அரை மணி கழித்துத் திரும்பியவரிடம் என்ன கேட்டீர்கள் என்றேன். "எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டேன். சௌக்கியமாத்தான் இருக்காங்க."

சரி, வாய்தான் வரவில்லை, காகிதமாவது பேசட்டும் என்று நானே ஒரு துண்டறிக்கை எழுதிக் கொடுத்தேன். 'உங்கள் முதல் விருப்ப வாக்கை எனக்கே அளியுங்கள்' என்பது அதன் கடைசி வரி. திருத்தி அனுப்பினார். 'எனக்கே' என்பதில் இருந்த ஏகாரம் அடிக்கப்பட்டிருந்தது. வரியின் தொடக்கத்தில், பென்சிலால், பொடி எழுத்தில் ஒரு சொல் புதிதாகச் சேர்ந்திருந்தது: 'வசதிப்பட்டால்.'

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று போன திங்கட்கிழமை மதியம் ஆய்வகத்துக்குக் கிளம்பினேன்.

நடைவழியில் பாதி போகும்போதே நாற்றம் முகத்தில் அடித்தது. அழுகிய முட்டை நாற்றம். அதைக் கிளப்புகிற வாயு ஒன்று அந்த ஆய்வகத்தில் உண்டு. மாணவர்களின் சோதனைக்காக ஒரு கண்ணாடிக் கலத்தில் அதைத் தயாரிப்பார்கள். கொஞ்சமாக இருந்தால் நாற்றம், நிறைய இருந்தால் ஆளையே சாய்த்துவிடும். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் தள்ளினேன்.

அக்கா ஜன்னல் ஓரம் நின்று பீக்கர் கழுவிக்கொண்டிருந்தார். மெல்ல ஏதோ ஒரு பாட்டு முணுமுணுப்பு வேறு.

"என்ன தம்பி, மூக்கைப் பிடிச்சுகிட்டு வர்றீங்க? சளியா? இந்த வருஷம் எல்லாருக்கும் சளி. எனக்கும் போன வருஷத்துலேர்ந்தே விடமாட்டேங்குது. பால் கெட்டுப்போச்சான்னுகூட வீட்டுக்காரரைத்தான் மோந்து பார்க்கச் சொல்றேன்."

"அக்கா, நாத்தம்..."

"என்ன நாத்தம்?"

"முட்டை. அழுகின முட்டை."

அவர் கை நின்றது. பாதி கழுவிய பீக்கரை அப்படியே மேசைமேல் வைத்தார். அவர் அப்படி வைத்து நான் பார்த்தது அன்றுதான். நேராக மூலை மேசைக்குப் போய்க் கலத்தின் திருகை இறுக்கி மூடினார். நான்கு ஜன்னல்களையும் அகலத் திறந்தார். பிறகு என் தோளைப் பிடித்து, கதவு வழியாக என்னை முதலில் வெளியே தள்ளிவிட்டு, தானும் வந்து கதவைச் சாத்தினார். அப்போதும் வழிவிட்டார் என்பதை மூச்சு வாங்கியபடி நினைத்துக்கொண்டேன்.

நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த நாற்றம் என் சட்டையில்கூட ஏறியிருந்தது. அக்கா தன் புடவைத் தலைப்பை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கையால் விசிறிப் பார்த்தார். மறுபடி விசிறினார். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக இருக்கும், தலைப்பை மூக்கிலேயே வைத்து அழுத்தி இழுத்தார்.

"எனக்கு வரலையே தம்பி."

தலைப்பை மடியில் போட்டார்.

"சளி இல்ல இது. எனக்கே தெரியும், சளின்னு சொல்லிகிட்டிருந்தேன்." குரல் தணிந்திருந்தது. "எங்க கசிஞ்சாலும் நான்தான் முதல்ல கண்டுபிடிப்பேன். 'எல்லாரும் வெளிய போங்க'ன்னு ஒரு சத்தம் போட்டா, பிள்ளைங்க ஓடிடுவாங்க. அப்படி எத்தனை தடவை ஓடவிட்டிருக்கேன். நாளைக்குக் காலைல முப்பது பிள்ளைங்க வராங்க. இன்னைக்கு நீங்க வந்தீங்க. நாளைக்கு யாரு வருவாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு வருஷமாக அந்த ஆய்வகத்தில் விசிறி ஓடாமலேயே பிள்ளைகள் பத்திரமாக இருந்தார்கள் என்றால், விசிறியின் வேலையையும் சேர்த்து அக்காவின் மூக்கு பார்த்திருக்கிறது. பார்த்துப் பார்த்தே அதுவும் நின்றுவிட்டது. இந்த மனுஷிக்கு மூன்று வருஷத்துக்கு முன் நான் எழுதிய எண் இரண்டு.

என் கையில் கசங்கியிருந்த துண்டறிக்கையை வாங்கி, மடியில் வைத்து நீவிவிட்டார். கடைசி வரியைப் படித்தார். பென்சிலை எடுத்து, தான் சேர்த்த சொல்லைத் தானே அடித்தார்.

"உங்க மச்சான் இந்தத் தடவையும் நிக்கறார்னு தெரியும். உங்க வீட்டுல சங்கடம்னும் தெரியும். இருந்தாலும் கேக்கறேன் தம்பி."

பழக்க தோஷம், வலது கை தானாக எழுந்து இரண்டு விரல்கள் நீண்டன. அக்கா அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடது கையால் நடுவிரலை மடக்கி, அது மறுபடி நிமிர்ந்துவிடாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒற்றை விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.