மேசை இழுப்பறைக்குள் ஒரு சோழர் காசு

எழுபத்தெட்டில் நான் ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. ஆயர் தாவாருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த அக்காவின் மகளுக்கு அப்போது பதினொரு வயது. பழைய நாணயங்கள் என்றால் உயிர். தொழிலாளர் லயத்து வீட்டின் பின்னால் மண்ணைக் கிளறி எடுத்த ஜார்ஜ் மன்னர் காலத்துச் சென்டுகளை நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் கிடைத்த இடத்தை எழுதி வைத்திருப்பாள். அவள் பிறந்தநாளுக்கு நிஜமாகவே புராதனமான ஒரு காசு வாங்கித் தருவதாக வாயை விட்டுவிட்டேன்.

பழைய டவுனில், பல் கட்டும் கடையை ஒட்டி ஒரு சீனர் தபால்தலையும் காசும் விற்று வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சை பிடித்த செம்புக் காசு ஒன்றைக் காட்டினார். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அருகே நாகரி எழுத்து.

"அண்ணே, இது சோழா காசு லா. லகாட் பக்கம் ஈயம் தோண்டுற லம்பத்துல கெடச்சது. ரொம்ப பழசு."

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் நகர்ந்ததும் உள்ளே வந்த வேறொருவரிடம் அதே காசைக் காட்டி, பாகான் டத்தோவில் கிணறு தோண்டும்போது கிடைத்தது என்று அவர் மலாயில் சொன்னது என் காதில் விழுந்தது. ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

எங்கள் அலுவலகத்துத் தலைமைக் குமாஸ்தா யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரர். என்னை விடப் பதினைந்து வயது மூத்தவர், நாணயம் சேர்ப்பவர். மத்தியானம் என்னோடுதான் சாப்பிடுவார். காசு நிஜந்தானா என்று பார்த்துச் சொல்ல அவரையே சனிக்கிழமை கடைக்கு அழைத்துப் போனேன். லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தம்பி, இது உருக்கி வார்த்த காசு, போலி. சோழர் காசு சுத்தியலாலை அடிச்ச காசு. பிள்ளைக்கு இதை வாங்காதையும்."

அடுத்த வாரம் வேறு ஏதாவது வாங்கலாம் என்று போனேன். பெட்டியில் அந்தக் காசு இல்லை.

"ஒங்க கூட வந்தாரே, கண்ணாடி போட்டவரு? அவருதான் வாங்கிட்டாரு லா," என்றார் கடைக்காரர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போலி என்று சொல்லி என்னை விலக்கிவிட்டுத் தான் வாங்கிக்கொண்டாரா? திங்கட்கிழமை அவராகவே சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மேசை இழுப்பறையை அவர் பூட்டும்போதெல்லாம் என் கண் அங்கேயே போனது. முன்பும் அப்படித்தான் பூட்டியிருப்பார். அப்போது நான் கவனித்ததில்லை. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போக ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. கேட்காததே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி பட்டது.

பத்து நாள் கழித்து எல்லோரும் போன பிறகு அவர் முன்னால் போய் நின்றேன். "அந்தக் காசு எங்க சார் இருக்கு?"

பேனாவை மூடி வைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்தார். சிகரெட் ஈயத்தாளில் சுற்றிய காசு.

"கள்ளக் காசுகளும் நான் சேர்க்கிறனான். நல்லதுக்குப் பக்கத்திலை வைச்சுப் பார்த்தால்தான் வித்தியாசம் விளங்கும். நம்பிக்கை இல்லையெண்டால் நீரே கொண்டுபோம்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எடுத்துக்கொண்டேன். சும்மா கொடுக்கிறார் என்றால் அதிலும் ஏதோ இருக்கிறது என்று பஸ்ஸில் போகும்போதுகூட யோசித்தேன். அதன் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. "மிஸ்டர்" என்றார்.

மருமகளிடம் கொடுத்தபோது, "நெசமா சோழர் காசா மாமா?" என்றாள்.

"அப்படித்தான் சொல்றாங்க. எனக்குத் தெரியல," என்றேன். அவள் நோட்டில் காசை ஒட்டி, கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டாள்.

எண்பத்தாறில் அவள் கோலாலம்பூரில் படிக்கப் போனாள். அங்கே நாணயம் தெரிந்த ஒருவரிடம் அதைக் காட்டியிருக்கிறாள். விடுமுறையில் வந்தபோது விளிம்பை என்னிடம் திருப்பிக் காட்டினாள். சுற்றிலும் மெல்லிய கோடு ஓடியது. "இது வார்க்கிற அச்சோட ரெண்டு பாதியும் சேர்ற எடம் மாமா. அரத்தால ராவியிருக்காங்க. போலிதான்." அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. நான்தான் அந்தக் கோட்டை நகத்தால் தடவிக்கொண்டே இருந்தேன்.

தலைமைக் குமாஸ்தா அதற்குள் ஓய்வு பெற்றுத் தைப்பிங்கில் இருந்தார். விலாசம் விசாரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கேட்டைத் திறந்தவருக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. உட்கார்ந்ததுமே, காசைப் பற்றி அவர் சொன்னது சரி, நான் அவரைச் சந்தேகப்பட்டது தப்பு என்று சொல்லிவிட்டேன்.

"எந்தக் காசு?" என்றார்.

விளக்கினேன். நெற்றியைத் தடவினார். "அது மறந்துபோச்சு. நீர் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு மற்ற மேசைக்குப் போனது மட்டும் ஞாபகம் இருக்கு. நான் என்ன பிழை விட்டனான் எண்டு வீட்டிலை எத்தனை நாள் கேட்டிருப்பன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஈப்போவுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.