பல்லி சொன்ன அலுமாரி

அப்பாவை நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன். ஐயாவின் கடை மலைநாட்டில் ஒரு சின்னப் பட்டணத்தில் இருந்தது. கடைக்குப் பின்னால், எப்போதும் மேகம் மூடிக் கிடந்த காட்டை உருளைக்கிழங்கு நடுவதற்காக வெட்டினார்கள். அந்த மரத்தில் சில பலகைகளை ஐயா லொறியில் வடக்கே தீவிலிருந்த எங்கள் ஊர் சரவணைக்கு ஏற்றிவந்து ஓர் அலுமாரி செய்வித்தார். பனையும் வேம்புமே புழங்கிய எங்கள் ஊரில் அதைப் பார்க்கச் சனம் வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தெற்குச் சுவரோடு அதை வைத்தோம்.

அந்த வருடம் தெற்கில் நிலைமை கெட்டிருந்தது. தமிழரின் கடைகளுக்கு நெருப்பு வைக்கிறார்கள் என்று ரயிலில் வந்து இறங்கியவர்கள் சொன்னார்கள். ஐயாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். ஆனால் வீட்டில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாமான்கள் எல்லாம் அங்கே கிடந்தன. புறப்படுவதற்காக அவர் பையைத் தூக்கும் போதெல்லாம் அறைக்குள்ளிருந்து "டிக், டிக்" என்று கேட்கும்.

அம்மா விரலால் தரையைத் தட்டுவார். "இஞ்சேருங்கோ, தெற்குச் சுவரிலை பல்லி சொல்லுது. இண்டைக்கு வெளிக்கிட ஏலாது."

"உமக்குப் பல்லி, எனக்குக் கடை" என்று முணுமுணுத்தபடி ஐயா பையை வைத்துவிடுவார். கோபக்காரர்தான், ஆனால் பல்லியோடு வாதாட அவருக்கும் துணிவில்லை. நான் அந்தப் பல்லியை ஒருநாளும் கண்டதில்லை. ஐயா வீட்டில் நின்றால் எனக்குப் போதும்.

ஒருநாள் காலை அலுமாரியின் கீழே மரத்தூள் கொட்டிக் கிடந்தது. பலகையில் ஒரு துளை. அதற்குள்ளிருந்து ஒரு வண்டு நெளிந்து வெளியே வந்தது. நீலம் பாய்ந்த உடம்பு, அதைவிட நீளமான மீசை. தீவில் அப்படியொன்றை யாரும் கண்டதில்லை. ஐயா மட்டும் கண்டிருந்தார்.

"இது அந்தக் காட்டு வண்டு. முந்தி மழைக்காலத்திலை கடை விளக்கைச் சுத்தி விதம் விதமாய் வரும். காடு வெட்டினாப் பிறகு ஒண்டையும் காணேல்லை" என்றார். பிறகு பலகையில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே இன்னொன்று மரத்தை அரித்துக்கொண்டிருந்தது. டிக், டிக்.

ஐயா வாய்விட்டுச் சிரித்தார். "இந்தா, உம்மடை பல்லி!"

அம்மாவும் வெட்கப்பட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஐயா பையைத் தூக்கினார். அலுமாரி சொன்னது. "வண்டுதானே, போயிட்டு வாங்கோ" என்று அம்மாவே சொல்லி அனுப்பினார்.

கடைக்கு நெருப்பு வைத்தபோது ஐயா உள்ளேதான் இருந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு இரண்டாவது வண்டு வெளியே வந்தது. பூவரசில் விட்டுப் பார்த்தேன், முருங்கையில் விட்டுப் பார்த்தேன். எந்த இலையிலும் அது வாய்வைக்கவில்லை. அதன் காடு கிழங்குத் தோட்டமாகிவிட்டது. கொண்டுபோய் விடவும் இடமில்லை. முற்றத்தில் மல்லாந்து விழுந்து கால்களை உதைத்தது. அம்மா அதைச் சேலைத் தலைப்பில் ஏந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பல்லியாயே இருந்திருக்கலாமே" என்று சொல்லி அழுதார்.