ஒரே பையில் இரண்டு பொட்டலம்

“நீ படிச்ச பிள்ளைதான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா துவக்கு வாங்க வாறவன் உன்னட்ட யோசனை கேப்பான் எண்டு நினைக்கிறியா?”

முதலாளி இதைக் கேட்டபோது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். கொழும்பில் அனுமதி பெற்ற துவக்குக் கடை அது. துப்பாக்கி அனுமதிக்காக அமைச்சுக்குப் போகும் படிவங்களை மூன்று மொழியிலும் நிரப்பத்தான் என்னை எடுத்திருந்தார். கவுண்டரில் நின்று விற்க விடுங்கோ என்று நான் கேட்டதற்குத்தான் அந்தப் பதில். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். துறைமுகத்தில் மூட்டை சுமந்த அப்பாவுக்குத் தன் பெயரை எழுத வராது. உனக்கு ஏலாது என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்குத் தெரியாது.

கடையில் கிடந்த ஆங்கிலப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தேன். துவக்குக் குழாயின் அகலத்தைப் ‘போர்’ என்ற கணக்கில் சொல்வார்கள். எண் கூடக் கூடக் குழாய் ஒடுங்கும். வருகிறவர்களுக்கு அது தலைகீழாகப் படும். நான் பாண் ரொட்டியை வைத்து விளக்குவேன். ஒரு இறாத்தல் பாணைப் பன்னிரண்டாக வெட்டினால் துண்டு பெரிது, இருபதாக வெட்டினால் சிறிது. ஒரு இறாத்தல் ஈயத்தை உருண்டைகளாகப் பிரித்துத்தான் அந்தக் காலத்தில் இந்த எண்களை வைத்தார்கள். இதைக் கேட்டு ஆட்கள் தலையாட்டும்போது முதலாளியின் பக்கம் திரும்பிப் பார்ப்பேன்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் வந்தாலும் முதலில், “வீட்டில வேற துவக்கு இருக்கா?” என்று கேட்பார். ஊர்ப் புதினம் அறியும் ஆசை என்று நான் நினைத்தேன். கவுண்டரில் நிற்க அவர் விட்டபிறகு அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

ஒரு நாள் வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் வந்தார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். ஒல்லியான உடம்பு, வலது தோளில் சட்டைக் கழுத்துக்கு வெளியே தெரியும் சத்திரசிகிச்சைத் தழும்பு. சிலாபத்துக்கு அங்கால் அவர்களுக்குக் கொஞ்சம் தென்னங்காணியும் வயலும் இருந்தன. தம்பி அங்கேயே இருந்து பார்த்துக்கொண்டார்.

“தென்னம்பிள்ளைக்கு முள்ளம்பன்றி வருது, வயலுக்குக் கிளி. முயலும் இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே துவக்கு வேணும் தங்கச்சி. பெமிட்டில பயிர்ப் பாதுகாப்பு எண்டுதான் இருக்கு. முயல் கறியைப் பற்றி நீங்களும் கேக்காதேங்கோ, நானும் சொல்லேல்ல.”

“பன்னிரண்டு போர் எடுங்கோ, கண்ணை மூடிக்கொண்டு,” என்றார் முதலாளி தன் மேசையிலிருந்து.

“கண்ணை மூடிக்கொண்டு சுடுறதெண்டா எதை எடுத்தாலும் ஒண்டுதானே சேர்,” என்றேன்.

வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளியும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

“பன்னிரண்டுத் தோட்டாவுக்குள்ள ஈயச் சன்னம் கூட, அங்கிள். பறக்கிற கிளிக்கு அது நல்லம். ஆனா உதைக்கும். உங்கட தோள் அதைத் தாங்காது. இருபது போர் பாரமும் குறைவு, உதையும் குறைவு. நாலு தென்னை தூரத்துக்குள்ள முயலுக்கு அது தாராளம். அதுக்கு மேல பறக்கிறதை விட்டுடுங்கோ.”

“அப்ப பதினாறு?”

“அது தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் விட்டுட்டுப் போனது. தோட்டா தேடித் தேடியே உங்களுக்கு வயசு போயிடும்.”

“இப்ப மட்டும் போகேல்லயாக்கும்,” என்றார்.

இருபது போரைத் தோளில் வைத்துப் பார்த்தார். அவருக்கென்றே செய்ததுபோல் அது பொருந்தியது. என் தெரிவு சரியானதுதான். இன்றைக்கும் அதைச் சரியென்றே சொல்வேன்.

அதன்பிறகு அவர் தம்பியின் பெமிட்டையும் ஒரு கடிதத்தையும் எடுத்து வைத்தார். தம்பியிடம் தகப்பன் காலத்துப் பன்னிரண்டு போர் இருக்கிறது, அதற்கும் பத்துத் தோட்டா வேண்டும் என்றார். பெமிட்டில் பத்துத்தான் அனுமதி, பெட்டியில் இருபத்தைந்து இருக்கும். அதனால் எங்கள் கடையில் பெட்டியை உடைத்து, எண்ணி, பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுப்பதுதான் வழக்கம். எண் அச்சடித்த பெட்டி கடையிலேயே நின்றுவிடும். வழக்கமாக இருபது போர்த் தோட்டா மஞ்சள் நிறத்தில் வரும். அந்த முறை வந்திறங்கியது பன்னிரண்டைப் போலவே சிவப்பு.

இரண்டு பொட்டலம் கட்டினேன். இரண்டையும் ஒரே பையில் போட்டேன். எதிலும் ஒன்றும் எழுதவில்லை.

“சேர், உங்கட கடையில இந்தப் பிள்ளைக்குத்தான் விசயம் தெரியும்,” என்று அவர் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பையின் வாயை முடிந்தபடி நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இருபது போர்த் தோட்டாவைப் பன்னிரண்டு போர்த் துவக்கில் போட்டால் அது நிற்காது. உள்ளே வழுக்கிப்போய்க் குழாயில் சற்றுத் தள்ளிச் சிக்கிக்கொள்ளும். விசையை இழுத்தால் வெடிக்காது. திறந்து பார்த்தால் தோட்டா போடும் இடம் வெறுமையாக இருக்கும். தோட்டா போட மறந்துவிட்டேன் என்று நினைத்து, சரியான தோட்டா ஒன்றைப் பின்னால் போட்டுச் சுட்டால் குழாய் கையிலேயே வெடிக்கும். எனக்கு இது தெரியாமல் இருக்கவில்லை. நான் வாசித்த எல்லாப் புத்தகங்களிலும் கறுத்த கட்டத்துக்குள் அச்சிட்டிருந்தது. முதலாளி எல்லாரிடமும் கேட்ட அந்தக் கேள்வியும் இதற்காகத்தான்.

தம்பியின் கையில் அதுதான் நடந்தது. விடியற்காலையில் முள்ளம்பன்றிக்குப் போனவர். அண்ணன் தன் துவக்கையும் பையையும் காணி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்; அங்கே அலுமாரியில் இரண்டு பொட்டலமும் பிரிந்து ஒன்றாகக் கலந்து கிடந்திருக்கின்றன. இடது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. ஒரு கண்ணைப் பற்றி வைத்தியர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பகுதிப் பொலிஸிலிருந்து தொலைபேசியில் அழைப்பு வந்தது. தோட்டாக்கள் எப்படி விற்கப்பட்டன என்று விற்றவர் வாக்குமூலம் தர வேண்டும். தம்பியின் கவனக்குறைவு என்று முடிந்தால் அவருடைய பெமிட் பறிபோகும், வழக்கும் வரும். விரல் போனதற்கு யாரிடமும் எதுவும் கேட்கவும் முடியாது.

முதலாளி என்னைக் கூப்பிட்டு எதிர் நாற்காலியில் இருக்கச் சொன்னார். அதுவரை அவர் அப்படிச் சொன்னதில்லை.

“பொட்டலத்தில நம்பர் எழுதித்தான் குடுத்தனாங்கள். விளங்குதா பிள்ளை? நான் சிங்களத்தில எழுதி வைக்கிறன். நீ கையெழுத்து வச்சாச் சரி.”

“எழுதேல்ல சேர்.”

“எழுதினது எண்டுதான் நான் சொல்லுறன். கடை மூடினா நீயும்தான் ரோட்டில.”

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த பிளேன்ரீயைக் கீழே வைத்தார்.

“வச்சுக் குடு மகள். இந்த வேலை போனா வேற எங்க எடுக்கிறது?”

“நீங்க ஒருக்கா வச்சீங்களே.”

அது எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத கதை. பாரந்தூக்கியின் கம்பி அறுந்து அப்பாவோடு வேலை செய்த ஒருவர் நசுங்கினார். அப்பா ஒரு தாளில் பெருவிரலை வைத்தார். செத்தவர் குடித்திருந்தார் என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் அப்பாவுக்குத் தெரியவந்தது. செத்தவர் குடிப்பவரே இல்லை. அந்தக் குடும்பம் கிருலப்பனையில் இருக்கிறது. அப்பா இன்றுவரை அந்தப் பக்கம் போவதில்லை.

“வச்சனான்தான்,” என்றார் அப்பா. “எனக்கு வாசிக்கத் தெரியாது எண்டொரு சாட்டு இருந்தது. உனக்கு அதுவும் இல்லை.”

பிறகு குவளையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். வைக்கச் சொன்னாரா, வைக்க வேண்டாம் என்றாரா என்று நான் கேட்கவில்லை.

முதலாளி எழுதிய தாளைக் கையெழுத்து வைக்காமல் அவர் மேசையிலேயே விட்டேன்; இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார். கோட்டை நிலையத்திலிருந்து காலை ரயிலில் சிலாபப் பக்கம் போனேன். பொலிஸில் இருந்தவர் சிங்களத்தில் எழுதப் பேனையைத் திறந்தார். நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று அவருக்குச் சிங்களத்தில் சொன்னேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தாளைத் தள்ளினார். இரண்டு பக்கம் வந்தது. தோட்டாக்கள் ஒரே நிறம், பெட்டி இல்லை, பொட்டலத்தில் எதுவும் எழுதவில்லை, கட்டியது நான், ஆபத்து எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லவில்லை.  திரும்ப ஒருமுறை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

எனக்கும் வழக்கு வரலாம் என்றார் அவர். வேலை ஏற்கெனவே போய்விட்டது.

பிரதியில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு நேரே வெள்ளவத்தையில் வந்து இறங்கினேன். தம்பிக்காக வாதாடும் வழக்கறிஞருக்கு அது உதவும். மாடிக் குடியிருப்பின் மூன்றாவது தளத்தில், அந்த அங்கிளுடைய வீட்டு மணியை அழுத்திவிட்டேன்.