மொட்டைமாடியில் ஒரு கழிமுகம்

கலைச்செல்வி அக்கா இறந்துவிட்டார் என்று எங்கள் பிளாக்கில் முதலில் சொன்னது நான்தான். யாரும் நம்பவில்லை. லிஃப்டே இல்லாத கட்டடத்தில் "லிஃப்ட் பழுது" என்று நோட்டீஸ் ஒட்டியவள் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? "விளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்குடி" என்று அம்மா கரண்டியை ஓங்கினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

லோதி ரோடு குடியிருப்பில் இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் மூன்றாம் மாடி 'தண்ணி ஆபீசர்'. ஆறு கடலில் கலக்கும் கழிமுகங்களில் உப்பும் வண்டலும் கழிவும் எப்படி நகர்கின்றன என்று ஆராய்வது அவர் வேலை. "கடலே இல்லாத ஊர்ல உட்கார்ந்து கடல் வேலையா? சம்பளத்தை உப்பாவே குடுத்துடுறாங்களா?" என்று ஒருநாள் சீண்டினேன். "உப்பு போட்டுத்தான் சாப்பிடுறேன், அதான் ரோஷம் வருது. ஓடு!" என்றார்.

ரோஷத்துக்குக் காரணம் இருந்தது. கடலூர்ப் பக்கம் அவர் பிறந்த ஊரில் ஆறு மெலிந்து, கடல் உள்ளே ஏறி, வீட்டுக் கிணறே கரிக்கத் தொடங்கியிருந்தது. கோடையிலும் அணையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டால் உப்பு பின்வாங்கும் என்று மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதியிருந்தார். அது மேசையை விட்டு நகரவில்லை. அதற்குள் நோய் முற்றி, அலுவலகம் போக முடியாமல் ஆனது. "நான்தானே போக முடியாது? அவரை இங்க வர வைப்போம்" என்றார்.

அப்படித்தான் நம் மொட்டைமாடிக்கு அந்த நீளக் கண்ணாடித் தொட்டி வந்தது. நடுவில் ஒரு பலகை. ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் பீட்ரூட் வேகவைத்த நீரில் உப்பைக் கொட்டிய கடல். "அசல் செங்கடல்" என்றேன். என் நகப்பூச்சை வாங்கி, ஆற்றின் பக்கம் கண்ணாடியில் ஒரு கோடு இழுத்தார். "இது எங்க வீட்டுக் கிணறு."

ஒத்திகையில் அம்மா முகத்தில் பூசும் முல்தானி மிட்டி மண்ணைக் கரைத்து ஆற்றில் விட்டோம். உப்பைத் தொட்ட இடத்தில் அது திரிந்த பால்போலத் திரண்டு அடியில் படிந்தது. சாயக் கழிவெல்லாம் இந்தச் சேற்றில் ஒட்டிக்கொண்டுதான் முகத்துவாரத்துக்கு வருமாம். "அழுக்கு நீந்தாது வாலு, சவாரி பண்ணும்" என்றார்.

போன மே மாதம் ஒரு ஞாயிறு நண்பகலில் மேலதிகாரி வர்மா வந்தார். "ஜல்தி மேடம், ஜல்தி" என்று கைக்குட்டையால் விசிறிக்கொண்டார். அக்கா நாற்காலியிலிருந்து தலையசைக்க, நான் பலகையை உருவினேன். சிவப்பு, தெளிந்த நீருக்கு அடியில் நாக்குபோல நீண்டு ஆற்றுக்குள் ஊர்ந்தது. இனி ஆற்றின் பக்கம் விட்டிருந்த மாடிக் குழாயைத் திறந்து ஆற்றைப் பெருக்கி அதைத் தள்ள வேண்டும். திறந்தேன். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. நம் காலனியில் நண்பகலில் ஏது தண்ணீர்? கோடையில் மேல்தொட்டியும் அதற்குள் காலி.

சிவப்பு கிணற்றுக் கோட்டைத் தாண்டியது.

"அக்கா, தண்ணி வரல!" என்று அலறினேன். அவரோ வர்மாவிடம் இந்தியில் அமைதியாகச் சொன்னார்: "எங்க ஊர்லயும் இதேதான் சார். மேல நிறுத்திட்டாங்க."

நான் மாடிப்படியில் கத்திக்கொண்டே ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். சேர்த்து வைத்திருந்த தண்ணீரை வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு நீங்கள்தானே ஏறி வந்தீர்கள்! "வெள்ளம் வேணாம், சீரா ஊத்துங்க" என்றார் அக்கா. ஊற்ற ஊற்ற, தொட்டியின் கடல் பக்கத்து ஓட்டை வழியே மிச்சம் வடிந்தது. வர்மாவும் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு வாளியை எடுத்தார். சிவப்பு தயங்கியது, பின்வாங்கியது, கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது.

"அச்சா, இவ்வளவு தண்ணீர் போதுமா?" என்று கேட்டார் வர்மா.

"விடாம வந்தா போதும் சார்."

அன்று மாலை நான் உர்ரென்று இருந்தேன். "குழாய் டைமை மறந்து சொதப்பிட்டோமே அக்கா."

இருமல் வரும்வரை சிரித்தார். "பத்து வருஷமா அந்தக் குழாயோட சண்டை போடுறேன். மறப்பேனா?"

லிஃப்ட் நோட்டீஸ் ஒட்டியவளையே லிஃப்ட் இல்லாமல் ஏற்றி இறக்கிவிட்டார்!

குறிப்பு நகர்ந்தது. இந்தக் கோடையில் சோதனையாக ஆற்றில் தண்ணீர் விடுகிறார்கள். அக்காவின் கடைசி வாரத்தில் ஊரிலிருந்து தம்பி பேசினார். "கிணத்துல இன்னும் கரிக்குதுக்கா. ஆனா துணி தொவைச்சா இப்ப சோப்பு நுரைக்குது." அக்கா ஸ்பீக்கரில் போட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

தொட்டியை நான் வைத்துக்கொண்டேன். அவர் எனக்குச் செய்த அந்தக் குறும்பையும்தான். வரும் ஞாயிறு காலனிப் பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறேன். பீட்ரூட் என் பொறுப்பு. நேரம் நண்பகல். குழாயைப் பற்றி அவர்களிடம் யாரும் மூச்சுவிடாதீர்கள். காலையிலேயே வாளிகளை மட்டும் நிரப்பி வையுங்கள்.